கரி சேர்ந்த எருக்குவியல்: செல்லம்பட்டிப் பக்கம் ஒரு மல்லித் தோட்டத்தில் நடந்தது

மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகிற சாலையில் செல்லம்பட்டியைச் சுற்றி மல்லித் தோட்டங்கள் நிறைய. அதில் ஒரு குடும்பம் தன் எருவின் தரத்தை உயர்த்தக் கரியைச் சேர்த்துப் பார்த்தது. என்ன செய்தார்கள், எது பலித்தது, எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். மண்ணில் போடுவதற்காகச் சுட்ட கரியைப் பயோசார் என்ற பெயரில் இப்போது நிறையப் பேசுகிறார்கள். பேச்சில் பெரும்பகுதி கரியைப் பற்றி. எருவைப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை. இந்தத் தோட்டத்தைப் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது இதுதான்: நம் பக்கத்து மண்ணுக்குக் கரி நேராகப் போகக் கூடாது. எருக்குவியலுக்குள் மாதக்கணக்கில் கிடந்து, வெந்து, ஊறி, அப்புறம்தான் போக வேண்டும்.

அந்தக் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். ஒரு ஏக்கரில் மல்லி, மீதியில் மாட்டுக்குச் சோளத்தட்டை, வருசத்துக்கு ஒரு தடவை நிலக்கடலை. தொழுவத்தில் மூன்று கறவை மாடு, பத்துப் பன்னிரண்டு ஆடு. வீட்டு எரு பத்தாததால் பிராய்லர் பண்ணையிலிருந்து கோழி எரு டிராக்டரில் வாங்குவார்கள். தென்னை நார்க்கழிவு பரப்பிய தரையில் சேர்ந்த எரு அது. மண் செம்மண், தண்ணீர் போர்க் கிணற்றிலிருந்து வருவது, கோடையில் லேசாகச் சவர் தட்டும்.

மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் பெரிதாகிவிட்டது. ஆனால் அந்த மணத்துக்கும் தடித்த இதழுக்கும் மண்ணில் போடுகிற எருவுக்கும் உள்ள தொடர்பை யாரும் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

குவியலில் என்ன குறை

வழக்கமாக இவர்கள் செய்தது எல்லாரும் செய்வதுதான். சாணியும் புழுக்கையும் கோழி எருவும் வேலி ஓரத்தில் ஒரே மேடாகக் கொட்டப்படும். மழையும் வெயிலும் படும். கவாத்து, அதாவது கிளை வெட்டுவது, முடிந்ததும் அள்ளிப் போடுவார்கள்.

அந்த மேட்டின் பக்கத்தில் நின்றால் கண் எரியும். அந்த நாற்றத்தைப் பற்றி ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. "நாத்தம் அடிச்சாத்தான் தம்பி உரம் வீரியமா இருக்கு"ன்னு அந்த வீட்டு அண்ணனே என்னிடம் சொன்னார். உண்மை நேர் எதிர். மூக்கில் ஏறுவது அம்மோனியா. எருவில் இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) காற்றோடு கிளம்பிப் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். வீரியம் வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

எவ்வளவு போகும்? கோழி எருவில் ஏறக்குறைய 3 சதவீதம் தழைச்சத்து என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன்னுக்கு 30 கிலோ. எருவைச் சரியாகக் கவனிக்காமல் மக்கவிட்டால் அதில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து பாதிக்கு மேல் வரைகூட இழப்பாகும். நடுவில் 40 சதவீதம் என்று எடுத்தால் 12 கிலோ தழைச்சத்து காற்றில் கரைகிறது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. ஆகவே 26 கிலோ யூரியாவுக்குச் சமம். 45 கிலோ மூட்டையில் பாதிக்கு மேல். ஒரு டன்னுக்கு இந்தக் கணக்கு. இவர்கள் இறக்குவது டிராக்டர் டிராக்டராக.

இழப்பு ஒரு பக்கம் என்றால், மிச்சமிருக்கும் எரு ஒழுங்காக மக்காதது இன்னொரு பக்கம். கோழி எருவில் தழைச்சத்து அதிகம், கரிமச்சத்து (கார்பன்) குறைவு. நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்ய ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமச்சத்து வேண்டும். தனிக் கோழிக் கழிவில் அது பத்துக்கும் கீழேகூட இருக்கும். பண்ணைத் தரையின் நார்க்கழிவு சேர்ந்தால் கொஞ்சம் கூடும், போதாது. சாணி பரவாயில்லை, ஆனால் ஈரம் ஜாஸ்தி. குவித்து வைத்தால் உள்ளே காற்றே போகாது. வெளியே காய்ந்த ஓடு, உள்ளே பச்சைச் சாணி. அதை மல்லிக்குப் போட்ட வருசம் இலை நுனி கருகியது. ஆட்டு எருவால் இன்னொரு தொல்லை: ஆடுகள் சீமைக்கருவேல நெற்றைத் தின்னும். விதை குடலில் சாகாமல் புழுக்கையோடு வெளியே வரும். சூடேறாத மேட்டிலிருந்து அள்ளிப் போட்டால் பாத்திக்குள் கருவேலங்கன்று முளைக்கும். பூப்பறிக்கும் பெண்களின் கையில் முள் குத்தும்.

முதலில் இந்த அண்ணன் கரியைத் தனியாகத்தான் போட்டார். யாரோ சொன்னார்கள் என்று கரித்தூள் மூட்டைகளை வாங்கி இரண்டு வரிசைச் செடிகளின் தூரில் கொட்டிக் கொத்திவிட்டார். அடுத்து வந்த தளிர் வெளுத்துப்போனது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. காய்ந்த கரி மண்ணுக்குள் போனால், பசித்த மாடு பயிருக்குள் புகுந்த மாதிரி, அங்கே இருக்கிற கொஞ்சநஞ்சத் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். கரியின் வயிறு நிரம்புகிற வரை செடிக்குக் கிடைக்காது. "கரியும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று அவர் கைவிட்டிருந்த நேரத்தில்தான் எருவோடு சேர்த்துப் பார்ப்போம் என்ற பேச்சு வந்தது.

கரி எங்கே கிடைத்தது

நம் பக்கம் கரிக்குப் பஞ்சமே இல்லை. விருதுநகர், இராமநாதபுரம், சிவகங்கை என்று எங்கே போனாலும் சீமைக்கருவேலம். அதை வெட்டி, அடுக்கி மூடி மூட்டம் போட்டுக் கரியாக்குவது ஒரு பெரிய தொழில். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் இந்த மரத்தை அகற்ற உத்தரவிட்டபோது ஊர் ஊராகப் பொக்லைன் இறங்கியது பலருக்கு நினைவிருக்கும். வேரோடு பிடுங்காத இடங்களில் அது திரும்பத் தழைத்துவிட்டது.

மூட்டக்காரர்களிடம் கட்டைக்கரியும் தூர்க்கரியும் நல்ல விலைக்குப் போகும். அடியில் மிஞ்சும் தூள்தான் மலிவு, ஊதுபத்திக்காரர்கள் வாங்குவார்கள். அந்தத் தூள் எருக்குவியலுக்குப் போதுமானது. ஒரே எச்சரிக்கை, அதில் மண்ணும் சாம்பலும் கலந்திருக்கும். ஒரு பிடியைத் தண்ணீர் டம்ளரில் போட்டுப் பார்த்தால் மண் உடனே அடியில் இறங்கிவிடும். பாதி மண்ணாக இருந்தால் வாங்க வேண்டாம். வெள்ளைச் சாம்பலைக் கரி என்று நினைத்துக் குவியலில் போடவே கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

இவர்கள் தூளை நம்பாமல் வேலியோரக் கருவேலத்தை வெட்டித் தாங்களே கரி செய்தார்கள். தங்கள் பட்டா நிலத்து மரம். கண்மாய் மரமாக இருந்தால் ஏலமும் அனுமதியும் இல்லாமல் தொட முடியாது. மூட்டம் போடவில்லை. கூம்பு மாதிரி கீழே குறுகலாக, மேலே ஐந்தடி அகலத்தில், இடுப்பளவு ஆழத்தில் ஒரு குழி. அடியில் சுள்ளியைப் போட்டு மேலிருந்து தீ வைப்பது. கட்டை எரிந்து மேலே வெண்சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கு. மேலடுக்கின் தீ, கீழடுக்குக்குக் காற்றுப் போகாமல் மூடிக்கொள்ளும். கீழே உள்ளது சாம்பலாகாமல் கரியாக நிற்கும். புகையும் அந்தத் தீயிலேயே எரிந்துபோவதால் மூட்டம் மாதிரி ஊரை மூடாது. சுவிட்சர்லாந்தில் பத்தாண்டுக்கு முன் கோன்-டிக்கி என்ற பெயரில் இரும்புக் கூம்பு அடுப்பாகச் செய்து பரப்பிய முறை இது. மண்குழியிலும் நன்றாக வருகிறது. குழி நிறைந்ததும் தண்ணீரை ஊற்றி முழுசாக அணைத்தார்கள். இதில் அவசரம் கூடாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மூட்டையில் கட்டினால் உள்ளே ஒரு கங்கு இருந்தால் போதும், ராத்திரியில் பிடித்துக்கொள்ளும். பரப்பிப் போட்டு மறுநாள் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அள்ள வேண்டும்.

நல்ல கரியா என்று பார்க்க மதினி கண்டுபிடித்த வழியே எனக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டு துண்டைத் தட்டினால் ஓட்டுச்சில்லு மாதிரி கணீரென்று கேட்க வேண்டும். கையில் தேய்த்துவிட்டு வெறும் தண்ணீரில் கழுவினால் போய்விட வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டி, சோப்புப் போட்டால்தான் போகும் என்றால் சரியாக வேகாமல் தார் தங்கியிருக்கிறது. அந்தத் துண்டுகளைப் பொறுக்கி அடுத்த தீயில் போட்டார்கள்.

உடைப்பதற்குச் சாக்கில் கட்டி டிராக்டரை ஏற்றினார்கள். ஈரத்தோடு உடைப்பது முக்கியம். காய்ந்த கரித்தூள் நெஞ்சுக்குக் கேடு. மிளகு அளவிலிருந்து கொண்டைக்கடலை அளவு வரை போதும், மாவாக்கத் தேவையில்லை.

இரண்டு குவியல்

எருவை ஒரே மாதிரி கலந்து பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குவியல் போட்டார்கள். ஒன்றில் கரி உண்டு, மற்றதில் இல்லை. அளவெல்லாம் சாந்துச் சட்டிக் கணக்கு: கோழி எரு மூன்று, சாணி நாலு, ஆட்டு எரு ஒன்று, நறுக்கிய சோளத்தட்டையும் கடலைக்கொடியும் சேர்த்து ஆறு. கரிக் குவியலில் இந்தக் கலவை பத்துச் சட்டிக்கு ஒரு சட்டி கரி.

பத்துக்கு ஒன்று என்பது எடைக்கணக்கிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். ஈர எருவின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீரைக் கழித்துவிட்டால் ஒரு சட்டி எருவும் ஒரு சட்டி காய்ந்த கரியும் எடையில் பெரிய வித்தியாசம் இல்லாமல் நிற்கும். ஐந்து சதவீதத்துக்குக் கீழே போனால் பலன் தெரிவது கடினம். இருபதுக்கு மேல் போனால் செலவுதான் கூடும்.

இந்த இடத்தில் பலர் ஒரு விசயத்தைத் தவறவிடுகிறார்கள். கரி முழுக்கக் கரிமம்தானே, அதையே போட்டால் வைக்கோலும் தட்டையும் எதற்கு என்று கேட்கிறார்கள். கரியில் உள்ள கரிமத்தை நுண்ணுயிரால் தின்ன முடியாது. அதனால்தான் அது மண்ணில் நூற்றுக்கணக்கான வருசம் கிடக்கிறது. 25க்கு 1, 30க்கு 1 என்கிற கணக்கில் கரியைச் சேர்க்கவே கூடாது. தட்டையும் கொடியும் நுண்ணுயிருக்குச் சாப்பாடு. கரி அவை குடியிருக்கும் இடம். தட்டையைக் குறைத்துக் கரியைக் கூட்டினால் குவியல் பட்டினி கிடக்கும், அம்மோனியாவும் போய்க்கொண்டே இருக்கும்.

கலப்பதற்கு முன் கரியை மாட்டு மூத்திரமும் தண்ணீரும் கலந்த தொட்டியில் ஒரு ராத்திரி ஊறப் போட்டார்கள். ஊறாத கரியைப் போட்டால் குவியலின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் மதுரைக் குவியலுக்கு அது தாங்காது. ஈரம் பார்ப்பது கையால்தான். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. அதுதான் 50, 60 சதவீத ஈரம்.

உயரம் நாலரை அடி. மேலே தென்னங்கீற்றுப் போட்டு மூடினார்கள். சூடு பார்க்க ஒரு கடப்பாரையை நடுவில் செருகி வைத்தார்கள். அதை உருவித் தொட்டுப் பார்ப்பது பழைய வழி, நல்ல வழியும்கூட. 55 முதல் 65 டிகிரிக்குள் சில நாள் நின்றால்தான் நோய்க்கிருமியும் களை விதையும் சாகும். அந்தச் சூட்டில் கடப்பாரை நுனியைக் கொஞ்ச நேரம்கூடப் பிடிக்க முடியாது. இரண்டு குவியலும் சூடேறின. கரிக் குவியல் முந்திக்கொண்டது; புரட்டிப் போட்ட பிறகும் சீக்கிரம் திரும்பச் சூடேறியது. அந்தக் குவியலில் காற்று ஓடியதுதான் காரணம். கரித்துண்டுகள் சாணியைப் பிசின் மாதிரி ஒட்டவிடாமல் பொலபொலவென்று வைத்திருந்தன. மண்வெட்டியால் வெட்டும்போதே கை சொல்லிவிடும். கரி இல்லாத குவியலில் சாணிக் கட்டிகள் உருண்டையாக வந்தன. அவற்றை உடைத்தால் உள்ளே பச்சை.

புரட்டுவதை மட்டும் குறைக்க முடியவில்லை. கரி போட்டால் புரட்ட வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வந்தால்தான் அதற்கும் சூடு கிடைக்கும். இந்தக் குவியலிலேயே சூடேறாத ஓரத்தில் சீமைக்கருவேலம் இரண்டு இலை விட்டு நின்றது. ஓடு கெட்டியான விதை, லேசில் சாகாது.

மஞ்சள் துணி

அம்மோனியா குறைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூக்கு ஒரு கருவிதான். ஆனால் ஒவ்வொருவர் மூக்கும் ஒவ்வொரு மாதிரி, பழகிய மூக்குக்கு நாற்றமும் பழகிவிடும். ஆய்வகக் கருவி வைக்க வசதி இல்லை. மஞ்சள் வீட்டில் இருந்தது.

சுண்ணாம்பு மாதிரிக் காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். குங்குமம் செய்கிறவர்கள் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ப்பது இதனால்தான். அம்மோனியாவும் காரம். வெள்ளை வேட்டித் துணியைக் கிழித்து, மஞ்சள் கரைத்த தண்ணீரில் முக்கிக் காயவைத்து, திரும்ப லேசாக நனைத்து, கவிழ்த்த கூடைக்குள் தொங்கவிட்டு அந்தக் கூடையைக் குவியலின் உச்சியில் வைத்தார்கள். இரண்டு குவியலுக்கும் ஒரே துணியில் கிழித்த நாடா, ஒரே நேரம்.

கரி இல்லாத குவியலின் நாடா வெற்றிலை எச்சில் நிறத்துக்கு வந்தபோது கரிக் குவியலின் நாடா ஓரத்தில் மட்டும் லேசாகச் செம்மஞ்சள் தட்டியிருந்தது. மதினி இரண்டையும் கொடியில் கிளிப் போட்டு மாட்டி வைத்தார். காற்றில் கிடக்கக் கிடக்கச் சிவப்பு வெளுத்துவிடும். அதனால் எடுத்த உடனே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். புரட்டும் நாளில் செய்தால் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும், அன்றைக்குத்தான் அம்மோனியா கூடுதலாகக் கிளம்பும். இந்தச் சோதனை அளவைச் சொல்லாது. எது கூட, எது குறைய என்று சொல்லும். ஒரு விவசாயிக்கு அந்த நேரத்தில் தேவை அதுதான்.

கரி உள்ளே என்ன செய்கிறது

எருவில் தழைச்சத்து முதலில் அம்மோனியமாக மாறுகிறது. அம்மோனியம் தண்ணீரில் கரைந்து அங்கேயே இருக்கும். அம்மோனியா வாயுவாகி ஓடும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாறிக்கொண்டே இருக்கும். காரம் கூடினாலும் சூடு கூடினாலும் அம்மோனியா பக்கம் சாயும். 25 டிகிரிச் சூட்டில் பி.எச். (கார, அமில அளவு) 9.25ஐத் தொட்டால் பாதிக்குப் பாதி. குவியலின் சூட்டில் அதற்கும் கீழேயே அந்த நிலை வந்துவிடும். வெள்ளைச் சாம்பல் வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான். சாம்பல் கடும் காரம். குவியலில் தூவினால் இருக்கிற தழைச்சத்தை நாமே விரட்டிவிடுவோம்.

கரிக்கு உடம்பெல்லாம் துளை. அந்தத் துளைகளும் அவற்றின் சுவரும் அம்மோனியத்தையும் அம்மோனியாவையும் பிடித்து வைக்கின்றன. பிடித்ததை அங்கே குடியேறிய நுண்ணுயிர்கள் தங்கள் உடம்பாக மாற்றிக்கொள்கின்றன. கொஞ்சம் நைட்ரேட்டாகிக் கரிக்குள்ளேயே தங்குகிறது. 2010இல் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோப் ஸ்டெய்னரும் உடனிருந்தவர்களும் கோழி எருவில் 20 சதவீதம் பைன் மரக் கரியைச் சேர்த்து மக்கவைத்தார்கள். வெளியேறிய காற்றில் அம்மோனியாவின் செறிவு 64 சதவீதம் வரை குறைந்தது; மொத்தத் தழைச்சத்து இழப்பு 52 சதவீதம் வரை குறைந்தது. செல்லம்பட்டியில் போட்டது அதில் பாதி அளவு, மரமும் வேறு. அதே எண்ணை இங்கே எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. திசை அதே திசைதான்.

இந்த அண்ணனின் வெளுத்த தளிருக்கு விளக்கம் 2015இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வில் இருக்கிறது. கிளாடியா கம்மானும் குழுவினரும் சத்தில்லாத மணற்பாங்கான மண்ணில் கீன்வா (கினோவா) என்ற தானியச் செடி வளர்த்தார்கள். வெறும் கரி 2 சதவீதம் போட்ட தொட்டியில் விளைச்சல், கரியே போடாத தொட்டியின் 60 சதவீதமாகக் குறைந்தது. எருவோடு மக்கிய அதே கரியைப் போட்டபோது 305 சதவீதமாக உயர்ந்தது. தொட்டிச் செடிக் கணக்கு, வயலில் இப்படி மூன்று மடங்கு வராது. ஆனாலும் ஒரே கரி இரண்டு விதமாக நடந்துகொண்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அது எருவுக்குள் போய் வந்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம். 2017இல் நிக்கோலாஸ் ஹேக்மேனும் மற்றவர்களும் மக்கிய கரியை நுண்ணோக்கியில் பார்த்து, துளைகளுக்குள் கரிமப் பொருளின் மெல்லிய பூச்சு ஒன்று படிந்திருப்பதைக் காட்டினார்கள். தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைப்பதில் அந்தப் பூச்சுக்குப் பங்கு உண்டு. குவியலில் கிடந்தால்தான் அது வரும்.

செடிக்குப் போன பிறகு

இரண்டரை மாதம் கழித்துக் கரிக் குவியல் பதத்துக்கு வந்தது. மற்றது அப்போதும் கட்டி கட்டியாக இருந்தது. அதை இன்னும் கொஞ்ச நாள் விட வேண்டியிருந்தது. கறுப்பாக இருப்பதை வைத்து முடிவு செய்ய முடியாது, கரி போட்டால் முதல் நாளே கறுப்புத்தான். ஒரு பிடியை நனைத்துப் பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி வைத்து, சில நாள் கழித்துப் பிரித்து மோந்து பார்த்தார்கள்: மழை பெய்த மண்வாசனை வந்தால் சரி, நாறினால் இன்னும் வேகவில்லை. அப்புறம் எருவும் மண்ணும் சமமாகக் கலந்த சட்டியில் தண்டுக்கீரை விதை. கீரை விதை ரோசக்காரி, அம்மோனியா இருந்தால் சரியாக முளைக்காது. கரிக் குவியல் எருவில் சீராக முளைத்தது. மற்றதில் திட்டுத் திட்டாகத்தான் வந்தது.

நவம்பர் கடைசியில் கவாத்து முடிந்ததும் சில வரிசைகளுக்கு இந்த எரு, பக்கத்து வரிசைகளுக்குப் பழைய எரு. பூ எடை கூடியதா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். ஒரு பருவத்தை வைத்து அதைச் சொல்ல நான் தயாராக இல்லை. மழை, மொட்டுப்புழு, எந்த வரிசை கிணற்றுக்குப் பக்கம் என்று ஏகப்பட்ட காரணங்கள் பூவின் எடையைத் தீர்மானிக்கின்றன. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். இலை நுனி கருகவில்லை. தளிர் வெளுக்கவில்லை. தண்ணீர் பாய்ச்சி நாள் கழிந்த பின்னும் அந்த வரிசைகளின் தூரில் மண் ஈரமாகவே இருந்தது. தூரைத் தோண்டியபோது மயிர் மாதிரி வெள்ளை வேர்கள் கரித்துண்டுகளைச் சுற்றிப் பின்னியிருந்தன. ஒரு துண்டைப் பிடித்து இழுத்தால் வேரோடுதான் வந்தது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கோழி எருவில் உப்பு உண்டு. கரி அதைப் போக்காது. சவர்த் தண்ணீர் பாயும் இந்த மாதிரி நிலத்தில் கோழி எருவின் பங்கைக் கூட்டிக்கொண்டே போனால், கரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மண் உப்பேறும். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலில் ஏற்கெனவே காரம் கூடுதல். அங்கே கரியின் அளவைப் பாதியாக்கி, சாம்பல் கலக்காததாகப் பார்த்துப் போடுவதே நல்லது. அமில மண் உள்ள நாடுகளில் கரி மண்ணின் புளிப்பை மாற்றி விளைச்சலைக் கூட்டுகிறது என்று வரும் செய்திகளை நம் மண்ணுக்கு அப்படியே பொருத்த முடியாது. நமக்கு அது தருவது தழைச்சத்துக்கும் ஈரத்துக்கும் ஒரு இருப்பிடம்.

கணக்கு

முழு ஏக்கருக்கும் போட என்ன வேண்டும் என்று உட்கார்ந்து பார்த்தோம். நாலடிக்கு நாலடி, அதாவது 1.25 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 2,560 மல்லிச் செடி. செடிக்கு நாலு கிலோ எரு என்றால் 10 டன். மக்கிய எருவில் 40 சதவீதம் ஈரம். உலர் எடை 6 டன். மக்கும்போது சாணியும் தட்டையும் பாதிக்குக் கிட்டத்தட்டக் கரைந்துவிடும், கரி கரையாது. திருப்பிக் கணக்குப் போட்டால் தொடக்கத்தில் 9 டன் காய்ந்த எருப்பொருளும் 1 டன் கரியும் வேண்டும். குழியில் எரித்தால் விறகின் எடையில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் கரி. ஆக நாலிலிருந்து ஐந்து டன் காய்ந்த கருவேலம்.

மரத்துக்குக் காசு இல்லை. வெட்ட, முள்ளை ஒதுக்க, குழியில் அடுக்க, அணைக்க, உடைக்கக் கூலி உண்டு. "இம்புட்டு வேலைக்கு ஆள் எங்கண்ணே கெடைக்கும்" என்று நான் கேட்டதற்கு, "ஒரே வருசத்துல எதுக்குத் தம்பி போடணும்? கரி மண்ணுல கெடக்கும்ல, வருசத்துக்கு நாலு வரிசை போட்டா போதும்" என்றார். சரியான பேச்சு. எரு ஒவ்வொரு வருசமும் கரைந்து தீர்ந்துபோகும். கரி ஒரு முறை போனால் போனதுதான். தவணை முறையில் செய்யத் தோதான வேலை இது. கரிக்காகவே சீமைக்கருவேலத்தை வளர்க்கலாம் என்று மட்டும் யாரும் கிளம்ப வேண்டாம். வேலியில் நிற்பதை வேரோடு எடுக்க இது ஒரு காரணமாக இருக்கட்டும்.

தொழுவத்துத் தரை

இந்தத் தோட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் குவியலில் நடக்கவில்லை, தொழுவத்தில் நடந்தது. மாடு கழிக்கும் தழைச்சத்தில் பாதியோ அதற்கு மேலோ மூத்திரத்தில்தான் போகிறது. சாணியைக் கூடையில் அள்ளுகிறோம், மூத்திரத்தைத் தரையில் விடுகிறோம். நம் பக்கத்து முன்னோர் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். ஆடு மேய்க்கும் கீதாரிகள் வயலில் ஆட்டுக்கிடை போடுவதும், புலிக்குளம் மாடுகளை மந்தையாக ஓட்டிவந்து கிடை மறிப்பதும் அதற்குத்தான். மூத்திரமும் சாணியும் விழுந்த இடத்திலேயே மண்ணில் சேரும், மறுநாளே உழுதுவிடுவார்கள். கிடைக்குக் கூலி கொடுத்தவர்கள் வெறும் சாணிக்காகக் கொடுக்கவில்லை. கட்டுத்தறி மாடு வந்த பிறகு அந்த மூத்திரம் கணக்கில் இல்லாமல் போய்விட்டது.

இப்போது இந்த வீட்டில் மாடு படுக்கும் இடத்தில் கடலைக்கொடியோடு உடைத்த கரியைப் பரப்புகிறார்கள். கால் அழுந்த அழுந்தக் கரி தானே பொடிகிறது, மூத்திரத்தைக் குடிக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை அள்ளினால் ஊறப்போடும் வேலையே இல்லாமல் நேராகக் குவியலுக்குப் போகிறது. தொழுவத்தில் ஈ குறைந்திருக்கிறது, வாடை குறைந்திருக்கிறது. கறுப்பு ஒட்டிய மடியைப் பால் கறக்குமுன் நன்றாகக் கழுவ வேண்டியிருக்கிறது என்பதுதான் மதினிக்கு வந்த ஒரே கூடுதல் வேலை. அதற்காகப் பின்காலுக்கும் மூத்திரக் கால்வாய்க்கும் நடுவில் மட்டும் கரியைப் பரப்பி, மடி படும் இடத்தில் வெறும் கொடியைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

அடுத்த கவாத்துக்கு முன்னால் இரண்டு வகை வரிசைகளிலிருந்தும் மண் எடுத்து, இரண்டு குவியல் எருவோடும் சேர்த்து, ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் பரிசோதனைக்குக் கொடுப்பதாக இருக்கிறோம். தழைச்சத்து, கரிமம், பி.எச்., உப்பின் அளவு நான்கையும் கேட்க வேண்டும். உப்பு கூடியிருந்தால் கோழி எருவை மூன்று சட்டியிலிருந்து இரண்டாகக் குறைத்து, சாணியைக் கூட்டிப் புதுக் குவியல் போடுவது என்று அண்ணன் இப்போதே சொல்லிவிட்டார்.